பலகை பிடித்த கிழவி

அந்தப் படம் உத்திரமேரூர் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது 1978ஆம் வருஷம் தை மாதத்தில். அப்போது பாஞ்சாலிக்கு நாற்பத்திரண்டு வயது. புருஷன் ராஜாராம் செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நூலகத்தைப் பெருக்கித் துடைக்கிற வேலைக்கு வந்து மூன்று வருஷம். பிள்ளை கிடையாது. திருப்புலிவனம் போகிற பக்கம் ஏரியை ஒட்டிய சின்ன ஊர் அவளுடையது. தினமும் காலையில் அங்கிருந்து நடந்து வருவாள். தரையைப் பெருக்கி, பானையில் தண்ணீர் ரொப்பி, அலமாரிகளைத் தட்டித் துடைப்பாள். மதியம் திரும்பிவிடுவாள். எழுத்து வாசனை இல்லாதவள் என்பதால், இத்தனை புத்தகங்களுக்கு நடுவில் வளைய வந்தும் அதில் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

மெட்ராஸில் காலேஜ் வாத்தியாராக இருந்து காலமான உள்ளூர்க்காரர் ஒருவரின் மகள் ரங்கநாயகி, அப்பாவின் புத்தகங்களை மூன்று மூட்டையாகக் கட்டி நூலகத்துக்கு அனுப்பியிருந்தாள். பாஞ்சாலிதான் மூட்டையைப் பிரித்துத் தூசு தட்டினாள். ஒரு பெரிய இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து தடித்த காகிதம் ஒன்று கழன்று மேஜைமேல் விழுந்தது. நூலகர் தேசிகன் அதை எடுத்து விரித்துப் பார்த்தார். பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து சர்க்கார் வேலைக்கு வந்தவர் அவர். படம் என்றால் உயிர்.

"ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இத்தாலி தேசத்துல செப்புத் தகட்டுல கீறி அச்சடிச்சது பாஞ்சாலி. இது அதோட நகல். அவா ஊர்ப் புராணத்துல சமுத்திர தேவர்கள்லாம் சண்டை போட்டுக்கறா. ஒவ்வொரு மயிரையும் எப்படி இழைச்சிருக்கான் பாரேன்!"

பாஞ்சாலி எட்டிப் பார்த்துவிட்டு, "கறுப்பு மையிலதான் கீது. கலரு போடலியா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் பஜார் கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு, பேப்பர் படிக்கிற மேஜைக்கு மேலே அதைத் தேசிகன் மாட்டினார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தினமும் பேப்பர் படிக்க வரும் பஞ்சாட்சரம் சண்டைக்கு வந்துவிட்டார்.

"பொம்பளப் புள்ளைங்க வந்து போற எடம் சார் இது. ஒருத்தன் இடுப்புலயாவது கோவணம் கீதா பாருங்க."

தேசிகன் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். பிறகு படத்தைக் கழற்றிப் பின்கட்டு அறையில் மாட்டச் சொன்னார். துடைப்பமும் வாளியும் கால் உடைந்த நாற்காலிகளும் பழைய பேப்பர்க் கட்டுகளும் கிடக்கிற அறை. பாஞ்சாலியைத் தவிர அங்கே யாருக்கும் வேலை இல்லை. அன்றிலிருந்து படமும் அவளும்தான்.

முதல் நாள் கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் அவள் நின்று பார்த்தாள். தொடையளவு தண்ணீர். அதில் கட்டுமஸ்தான ஆண்கள் ஒருவனை ஒருவன் அடித்துக்கொள்கிறார்கள். சிலருக்கு இடுப்புக்குக் கீழே மீன் வால். ஒருவன் மீன்களைக் கொத்தாகப் பிடித்து எதிரியின் முகத்தில் வீச ஓங்கியிருக்கிறான். பின்னால் நாணல். நாணலுக்கு அப்பால் ஒரு பீடத்தில் ஏதோ சாமி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இடது ஓரத்தில், வற்றிப்போன உடம்பும் தொங்கிய மார்பும் பறக்கிற தலைமயிருமாக ஒரு கிழவி. கையில் ஒரு பலகை, பலகையில் ஏதோ எழுத்து. வாயைப் பிளந்து கத்துகிறாள்.

பாஞ்சாலியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால், 1968 வைகாசியில், அவள் ஊர் ஏரி வற்றியது. மதகுப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் தொடையளவு தண்ணீர் தங்கியிருந்தது. ஊர் கூடிப் பேசி, மீன் பிடித்துக்கொள்ள நாள் குறித்தார்கள். ஆம்பளைகள் எல்லாம் அடிப்பாகம் இல்லாத ஊத்தாக் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். பெண்கள் பாத்திரங்களோடு கரையில் நின்றார்கள். ஒரே கூச்சல்.

ராஜாராமும் தம்பி கன்னியப்பனும் பக்கத்தில் பக்கத்தில்தான் இறங்கினார்கள். பாகம் பிரித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மதகை ஒட்டிய நிலம் தம்பிக்கு விழுந்தது. ஏரித் தண்ணீர் முதலில் அவன் வயலை நனைத்துவிட்டுத்தான் இவர்கள் வயலுக்கு வரும். வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பியாயிற்று. சுவருக்கு அந்தாண்ட கன்னியப்பனின் பெண்டாட்டி எல்லம்மாள், இரண்டு பிள்ளைகளோடு. அவள் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். பால் பொங்கி வழிந்தால் சிரிப்பாள், குழந்தை மேலே மூத்திரம் பெய்தால் சிரிப்பாள். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம் பாஞ்சாலிக்கு வயிறு பற்றி எரியும். எல்லம்மாள் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கு முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் துள்ளியது. இரண்டு பேரும் கூடையை அழுத்தினார்கள். தம்பிக்குக் கிடைத்தது. அவன் மீனைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே, "ஒனக்கு எதுக்குண்ணே இம்மாம் பெரிய மீனு? வூட்ல ரெண்டு பேருதான கீறீங்க?" என்றான்.

விளையாட்டுப் பேச்சுதான். தண்ணீரில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். ராஜாராம் தம்பியைப் பிடித்துத் தள்ளினான். தம்பி நாரில் கோத்து இடுப்பில் கட்டியிருந்த மீன் கொத்தை உருவி அண்ணன் முகத்தில் வீசினான். அப்புறம் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். சேறு கலங்கியது. ராஜாராமின் முழங்கால் தம்பியின் மார்பில் ஏறியது. கரையில் எல்லாரும் கத்தினார்கள். பாஞ்சாலியும் கத்தினாள்.

ராஜாராம் எழுந்தபோது கன்னியப்பன் எழவில்லை.

தலையில் மதகுக் கல் பட்ட காயம் இருந்தது. வழுக்கி விழுந்து அடிபட்டான் என்று ஊரே ஒரே மாதிரி சொன்னது. போலீஸ்காரர் பாஞ்சாலியையும் கேட்டார். "வுடு, வுடுன்னுதான் கத்தினேன் சாமி" என்றாள். கேஸ் அதோடு முடிந்தது.

அன்றைக்கு ஏரிக்கு வராமல் வீட்டிலேயே இருந்த எல்லம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அவரு சாவசொல்ல அந்தக் கரையில எரநூறு பேரு நின்னாங்க. வுடு வுடுன்னு கத்தினது எங்கக்கா ஒருத்திதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நடுச்சுவரில் ஒரு வழி உடைத்தாள். பொங்கலுக்குப் புது அரிசி முதல் படி பாஞ்சாலி வீட்டுக்குத்தான் வரும். மகள் அம்முலு பாதி நாள் பெரியம்மா வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தாள்.

ராஜாராம் சாகிறவரைக்கும் தம்பியின் நிலத்தையும் சேர்த்து உழுதான். ஏரிக்கரைப் பக்கம் போகவேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவான். நடந்ததைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தான். மத்தியான வேளை, சோற்றில் கை வைத்தவன் தலை நிமிராமல், "நீ கத்தினது எனக்குக் காதுல உழுந்துச்சு" என்றான். அப்புறம் பிசைந்து சாப்பிட்டான். பாஞ்சாலி அவன் சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அவள் கத்தியது "வுடு" அல்ல. "வுடாத." வுடாத, அமுக்கு, வுடாத. கரைமேல் நின்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்.

ராஜாராம் போன பிறகு இது தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது நூலகத்தின் பின்கட்டில் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி எவனோ அதை அப்படியே வெட்டி வைத்திருந்தான். தண்ணீர், மீன் கொத்து, சேற்றில் புரளும் ஆம்பளைகள், முதுகைக் காட்டி நிற்கும் சாமி. ஓரத்தில் அவள்.

தினமும் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகம் கண்ணாடியில் விழும். நகர்ந்து நின்றாலும் எப்படியோ கிழவியின் முகத்துமேலேயே போய் உட்காரும். நேற்றைவிட இன்றைக்கு வாய் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருக்கிறதோ என்று தோன்றும். துடைப்பத்தை எடுக்க உள்ளே போனால், முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துக் கத்தத் தயாராவது மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் படம் படமாகத்தான் இருக்கும். சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று.

"இன்னாக்கா, இப்டி எளச்சிப் போய்ட்ட?" என்று எல்லம்மாள் கேழ்வரகுக் கூழ் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "அந்த வேல வாணாம் வுட்டுடு. நான் சோறு போட மாட்டனா?"

அந்தக் கூழைக் குடிப்பது பாஞ்சாலிக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாள். மறுநாள் வந்து பார்த்தால் நேராக இருந்தது. தேசிகன் பழைய பேப்பர் எடுக்க வந்தபோது சரியாகத் திருப்பி மாட்டியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறமும் அவள் விடவில்லை. வந்ததும் திருப்புவாள், போகும்போது நேராக்குவாள். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஆணி எத்தனை நாள் தாங்கும்? 1980 ஆனி மாதத்தில் ஒரு நாள் அவள் திருப்பும்போது ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. படம் தரையில் விழுந்து கண்ணாடி நொறுங்கியது.

சத்தம் கேட்டுத் தேசிகன் ஓடி வந்தார். "கால்ல ஏதும் குத்தித்தா?" என்று முதலில் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, பின் அட்டை பிரிந்து கிடந்த படத்தை எடுத்து உதறினார். காகிதத்தின் முதுகில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ அச்சாகியிருந்தது. "அடடே, படத்தைப் பத்தி இங்கேயே போட்டிருக்கானே" என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

பாஞ்சாலி கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கியபடி கேட்டாள். "அந்தக் கெயவி கையில இன்னா சார் எழுதிக்கீது?"

"லத்தீன் பாஷையாம். பொறாமைன்னு அர்த்தம். அவ மனுஷி இல்லை பாஞ்சாலி. பொறாமைக்கு ஒரு உருவம் குடுத்து அங்க நிக்க வச்சிருக்கான். அவதான் இவாளுக்குள்ள சண்டையை மூட்டி விடறாளாம்."

"கடசீல அவளுக்கு இன்னா ஆச்சு?"

தேசிகன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது ஒண்ணும் போடலையே. படம் இவ்வளவுதான்."

பாஞ்சாலி சில்லுகளை முறத்தில் அள்ளி வெளியே கொட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு அலமாரி துடைக்கவில்லை. "சார், வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தாள்.

எல்லம்மாள் களத்தில் மல்லாட்டைக் கடலையைக் காயப் போட்டுக் கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி எதிரில் போய் நின்றாள். உட்கார் என்றதற்கு உட்காரவில்லை.

"எல்லம்மா, அன்னிக்கி நான் வுடுன்னு கத்தல."

"என்னிக்கி?"

"ஏரியில. வுடாதன்னு கத்தினேன். வுடாத, அமுக்குன்னு."

எல்லம்மாளின் கை நின்றது. கோழி ஒன்று வந்து கொத்த ஆரம்பித்தது. அவள் அதை விரட்டவில்லை.

"ஏங்க்கா?"

"நீ சிரிப்ப. எனக்கு ஆவாது." அதற்குமேல் சொல்லப் பாஞ்சாலியிடம் ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால் உண்மையாகவே அவ்வளவுதான் இருந்தது.

எல்லம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அது அவருக்குக் கேட்டிருக்குமா?"

பன்னிரண்டு வருஷத்தில் பாஞ்சாலி நினைத்துப் பார்க்காத கேள்வி அது. புருஷன் காதில் விழுந்ததைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள், தண்ணீருக்கடியில் கிடந்தவனின் காதை நினைக்கவே இல்லை. "தெரியலம்மா" என்றாள்.

"எங்கிட்ட சொல்லிட்ட. நீ போயி நிம்மதியா படுத்துக்குவ. நான் இன்னா பண்றது?" எல்லம்மாளின் குரல் உயரவில்லை. "ஊரு பூரா போயி எங்கக்கா வுடுன்னு கத்தினா, எங்கக்கா வுடுன்னு கத்தினான்னு சொன்னவ நானு. ஆடியில கூழு ஊத்தசொல்ல அல்லாரும் வருவாங்க. அங்க வந்து சொல்லு."

ஆடி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை செல்லியம்மன் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. கொப்பரையில் கூழ் நிறைந்திருந்தது. பம்பை அடிக்கிறவர்கள் அப்போதுதான் ஓய்ந்து உட்கார்ந்தார்கள். பாஞ்சாலி வேப்ப மரத்தடியில் போய் நின்று, எல்லம்மாளிடம் சொன்னதை அப்படியே சத்தமாகச் சொன்னாள். போலீசிடம் பொய் சொன்னதையும் சொன்னாள். கல் வந்து விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் விழவில்லை. ஊர்ப் பெரியவர் வேதகிரி தொண்டையைச் செருமினார். "அந்தக் கதைய இப்ப எதுக்கும்மா எடுக்கற? நல்ல நாளும் அதுவுமா."

"எனக்கு அன்னிக்கே கேட்டுச்சு" என்றார் முனிரத்தினம், சர்வ சாதாரணமாக. அண்ணன் தம்பிக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்றவர் அவர். "போனவன் போயிட்டான், இன்னொருத்தன ஜெயிலுக்கு அனுப்பி இன்னா ஆவப் போவுதுன்னு வுட்டோம்."

"நான் ஒன் பக்கத்துலதான பாஞ்சாலி நின்னேன்" என்றாள் செங்கேணி. "எனக்குக் கேக்காம இருக்குமா?"

இன்னும் இரண்டு மூன்று தலைகள் ஆடின. பாஞ்சாலி கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் இவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார்கள். அவள் ஒளித்து வைத்ததாக நினைத்த எதுவும் ஒளிந்திருக்கவே இல்லை.

"அல்லாருக்கும் தெரியுமா?"

எல்லம்மாள்தான் கேட்டாள். கையில் கூழ்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

"அக்கா வுடுன்னு கத்தினாங்கன்னு நான் சொல்லசொல்ல அல்லாரும் கேட்டுக்கினுதான இருந்தீங்க? தலைய ஆட்டிக்கினுதான இருந்தீங்க? எனக்கு மட்டும் தெரியாதா?"

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். பாஞ்சாலியைக்கூடப் பார்க்கவில்லை. அம்முலுவையும் மகன் பெருமாளையும் கூப்பிட்டுக்கொண்டு நடந்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் பெருநகர் என்கிற ஊரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாள். சுவரில் இருந்த வழியை ஆள் வைத்துச் செங்கல் அடுக்கி மூடச் சொன்னாள்.

ஊரில் யாரும் பாஞ்சாலியை ஒதுக்கவில்லை. வழக்கம்போலப் பேசினார்கள். அவளுக்குத்தான் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நூலகத்துக்குச் சீக்கிரமாகப் போய் நேரம் கழித்துத் திரும்பினாள். தேசிகன் படத்துக்குத் திரும்பக் கண்ணாடி போடவில்லை. ஒரு அட்டையில் ஒட்டிப் பின்கட்டு அறையிலேயே சாய்த்து வைத்திருந்தார். இப்போது அவள் திருப்பி வைப்பதில்லை. எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். அந்தப் படத்தில் கரையைத் தேடிப் பார்த்தாள். நாணல் இருந்தது, தண்ணீர் இருந்தது, கிழவி இருந்தாள். நின்று வேடிக்கை பார்த்தவர்கள் ஒருத்தர்கூட இல்லை. படத்தைக் கீறியவன் அவர்களை விட்டுவிட்டான். அதை நினைக்கிற நாட்களில் சுவருக்கு அந்தாண்ட பூட்டிய வீட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். காது கொடுத்தால் ஒன்றும் இருக்காது.

மூன்று வருஷம் கழித்து, சித்திரை வெயிலில், எல்லம்மாள் நூலக வாசலில் வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. உள்ளே வரவில்லை. பாஞ்சாலி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனாள்.

"அம்முலுக்குக் கல்யாணம். வைகாசி பன்னெண்டு. பெருநகர்ல." மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினாள். "பெரீம்மா வரணும்னு அவ சொல்றா. நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி. கூப்புடலன்னு ஆயிடக் கூடாது."

"அவ எப்டி கீறா?"

எல்லம்மாள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

பாஞ்சாலி போனாள். பந்தலின் கடைசியில் தூணோரமாக நின்று தாலி கட்டுவதைப் பார்த்தாள். மாலையும் கழுத்துமாக இருந்த அம்முலு அவளைக் கண்டு தலையை அசைத்தாள். பந்தியில் ஓர் ஓரமாக இலை கிடைத்தது. வரிசையாகச் சோறு போட்டுக்கொண்டு வந்தது எல்லம்மாள். பாஞ்சாலியின் இலைக்கு வந்தபோது கொஞ்சம் நின்றாள். முகத்தைப் பார்க்காமல் இரண்டு கரண்டி போட்டாள்.

"போதுமா?"

"போதும்மா."

எல்லம்மாள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள். பாஞ்சாலி ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்து வந்தாள். அதற்குப் பிறகு ஏழு வருஷம் எல்லம்மாள் உயிரோடிருந்தாள். அந்த ஏழு வருஷத்தில் இருவருக்கும் நடுவில் வேறு பேச்சு நடக்கவில்லை.